மந்தில் கிடக்கும் கல்

ஜனவரி மாதக் காலையில் ஊட்டியில் கம்பு சுற்ற நினைப்பவர் முதலில் கையைக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். விடுதி மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பிரம்பு விரல்களுக்கு நடுவே இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. வணக்கம் போட்டு, காலடி எடுத்து வைத்து, இரண்டு பக்க வீச்சுக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. கூட வந்திருந்த அக்கா மின்வாரியத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறவர். கம்பை ஊன்றி நின்றபடி, "கோயமுத்தூர்ல புலி, ஊட்டியில பூனை. வாத்தியார் பாக்காம போனாரு" என்றார்.

கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் அதே 21 சதவீதம்தான். ஆனால் மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சோடும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைகிறது. சிவப்பணுக்களைக் கூட்டி உடல் இதை ஈடுகட்டிக்கொள்ளும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வார விடுமுறைக்கு வந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பற்றாக்குறை நீண்ட நேரம் தொடரும் வேலைக்குத்தான். ஒரே மூச்சில் ஒரு கனத்தைத் தூக்கும்போது, தசை தன்னிடம் ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பதைச் செலவழிக்கிறது. மலை ஏறிவிட்டதால் அந்த வலு பெரிதாகக் குறைவதில்லை. கம்பு சுற்றத்தான் ஊட்டி இடைஞ்சல். கல் தூக்க இடைஞ்சல் இல்லை. நாங்கள் வந்ததும் ஒரு கல்லைப் பார்க்கத்தான்.

எங்கள் இருவருக்கும் சிலம்பம் வந்த வழி ஒன்றுதான்: பிள்ளைகள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்த பிறகு, மாலை வகுப்புகளில் இடம் கிடைப்பது கடினமாகிவிட்டது. பிள்ளைகள் உள்ளே சுற்றுவார்கள், பெற்றோர் மதில் மேல் உட்கார்ந்திருப்போம். "சும்மா போனைப் பாக்கறதுக்கு ஒரு கம்பை எடுங்கம்மா" என்றார் வாத்தியார். மகள் பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷனுக்குப் போய்விட்டாள், நான் நின்றுகொண்டேன். கம்பிலிருந்து கர்லாக் கட்டை, அதிலிருந்து தண்டால், பஸ்கி, பிறகு தெருமுனை ஜிம்மின் இரும்பு. எங்களுக்குச் சான்றிதழ் இல்லை. தொடுமுறைப் போட்டியில் எங்கள் வயதுக்காரர்களைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், எடைப் பயிற்சி அதைத் தடுக்கும் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் தசை கரையும் என்ற பயத்தில் யாரும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பதில்லை. வேறு என்னவோ எழுப்புகிறது. அது என்ன என்று எங்களிடம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊட்டிக்கு முந்தைய நாள்தான் வந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குன்னூர். அதைத் தாண்டியதும் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் 1947 முதல் இங்கேதான் இருக்கிறது. முகாமுக்கு ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ் என்று பெயர். 1955 முதல் 1957 வரை ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர் அது. படைப்பிரிவு தன் தொடக்கத்தை 1758 வரை கொண்டுபோய்க் காட்டும். குறிக்கோள் வாசகம் சமஸ்கிருதத்தில் இருந்தாலும், எதிரி மேல் பாயும்போது எழும் குரல் நம் காதுக்குப் பழகிய மொழிதான்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" சிப்பாய்களைத் தம்பி என்று அழைக்கும் ஒரே படைப்பிரிவு இதுவாகத்தான் இருக்கும்.

பேருந்து மெதுவாகப் போன இடத்தில், மொட்டை அடித்தது போல் முடி வெட்டிய பையன்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஆள்சேர்ப்பு மைதானத்தில் 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஓடிக் காட்டி, கம்பியைப் பிடித்துத் தொங்கி மேலே எழும்பி, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டி வந்தவர்கள். ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். பத்து முறை எழும்பினால் முழு மதிப்பெண். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே, "நமக்கும் இப்படி ஒரு மார்க் பட்டியல் இருந்தா நல்லாருக்கும்ல?" என்றார். இருந்தால் நாங்கள் முதல் நாளே வீட்டுக்குத் திரும்பியிருப்போம் என்பது வேறு விஷயம்.

அந்தப் பையன்கள் ஓடுவதைப் பார்க்கும்போது 1801 நினைவுக்கு வந்தது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களில், அந்த ஆண்டு டிசம்பரில், சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும், தென் சீமை மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கவும் வந்த உத்தரவு அது. சிலம்ப வாத்தியார்கள் சொல்லும் வரலாற்றில், போர்க்கலை திருவிழாக் கலையானது அதற்குப் பிறகுதான். கம்பு கோயில் ஊர்வலத்துக்குப் போனது; வீச்சு அலங்காரமானது. அதே காலத்தில் அதே கிழக்கிந்தியக் கும்பெனி அதே ஊர்களின் ஆண்களுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சீருடையும் மாட்டிக்கொண்டிருந்தது. ஆயுதம் சம்பளத்துக்குப் போயிற்று, கம்பு சாமிக்கு வந்தது. இந்தப் பாகப்பிரிவினையில் எங்களுக்குக் கிடைத்தது கம்பு.

ஊட்டிக்குள் நுழையும் முன் கேத்தி பாலாடாவில் இறங்கினோம். ஊட்டி கேரட் என்று ஊரெல்லாம் விற்பதில் ஒரு பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து போகிறது. இருட்டோடு அறுவடை, பிறகு கழுவும் இயந்திரம், பிறகு மூட்டை, லாரி, மேட்டுப்பாளையம் மண்டி. ஈரம் சொட்டும் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தலையில் சும்மாடு, கையில் கொக்கி. கீழே இருவர் தூக்கிவிட, ஒருவர் முதுகை நிமிர்த்தி வாங்கிக்கொண்டு, முழங்காலை மடக்கியும் மடக்காமலும் ஒரு நடை நடக்கிறார். அந்த நடையை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். மூட்டை முழுக்க எலும்பின் மேல் நிற்கிறது, தசை அதைச் சாயாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஜிம்மில் நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: சுலபமான வழியை வேண்டுமென்றே அடைத்துவிட்டுத் தசையைத் தவிக்கவிடுகிறோம்.

டீ குடிக்க வந்த ஒருவர் எங்கள் கம்புப் பைகளைப் பார்த்து என்னவென்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார், ஜிம் உட்பட. "மாசம் எவ்வளவுங்க?" என்றார். அக்கா சொன்னார். "அவங்க உங்களுக்குக் குடுக்கறதா, நீங்க அவங்களுக்குக் குடுக்கறதா?" சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நாங்களும்தான். அவருக்குக் கழுத்தும் முழங்காலும் எப்போதும் வலி. ஞாயிற்றுக்கிழமை அசையாமல் படுத்திருப்பதுதான் தன்னுடைய பயிற்சி என்றார். எங்கள் பொழுதுபோக்கை யாராவது தியாகம், தவம் என்றெல்லாம் எழுதினால் இனி அந்த டீக்கடைக்கு அனுப்பிவைப்பேன். யாருக்கும் தேவைப்படாத வலிமை எங்களுடையது. தேவைப்பட்டிருந்தால் அது எங்கள் முழங்காலையும் கேட்டிருக்கும்.

மறுநாள் தலைகுந்தா. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் சில கிலோமீட்டர். நீலகிரியில் உறைபனி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இந்த ஊர் பெயர் இருக்கும். இதன் அருகேதான் முத்தநாடு மந்து. மந்து என்றால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு; இது அவர்களின் தலைமை மந்து. டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ பல மந்துகளிலிருந்தும் ஆண்கள் இங்கே கூடி மொற்பர்த் பண்டிகை கொண்டாடுகிறார்கள். பூத்துக்குளிச் சால்வை போர்த்தியபடி மூன்போ கோயிலில் வழிபட்டு, காணிக்கை செலுத்தி, ஆடிப் பாடிய பிறகு இளைஞர்கள் ஒரு உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குகிறார்கள். ஏறத்தாழ 80 கிலோ என்று செய்தித்தாள்கள் எழுதும். பெண்களுக்கு இந்தப் பண்டிகையில் இடமில்லை. அதனால்தான் பண்டிகை முடிந்த பிறகு, சாதாரண ஒரு நாளில் போனோம்.

மந்தின் முகப்பில் ஒரு பெரியவர் வெயிலில் நின்றிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னோம். "வாங்கம்மா. கோயில் பக்கம் மட்டும் வேண்டாம். இங்கிருந்தே பாருங்க." புல்வெளிக்கு அப்பால், கூம்பு வடிவத்தில் மூன்போ கோயில். பிரம்பும் மூங்கிலும் கட்டி, புல் வேய்ந்து, வானத்தை நோக்கி ஒரே சரிவாக எழுகிற கூரை. அவர் கை நீட்டிய திசையில் கல் கிடந்தது. மேலே பனி உருகிய ஈரம்.

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கருங்கல்லின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், 80 கிலோ உருண்டை ஒன்றேகால் அடிக் குறுக்களவுக்குள் அடங்கிவிடும். இரும்புக் கம்பியில் 80 கிலோவைத் தரையிலிருந்து எடுப்பது, ஓரிரு ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்த பலருக்குச் சாத்தியம்தான். கல் வேறு கணக்கு. பிடிக்க இடமில்லை. கையை அடியில் கொடுத்து, விரல்களால் அல்ல, உள்ளங்கையும் முன்கையும் நெருக்கும் நெருக்கில்தான் அது தரையை விட்டு வரும். முதுகு வளையாமல் எடுக்க வழியே இல்லை. ஜிம்மில் எதைச் செய்யக்கூடாது என்று தலைபாடாகச் சொல்கிறார்களோ அதைத்தான் செய்ய வேண்டும். முதலில் முழங்காலுக்கு. அங்கிருந்து தொடைமேல் ஏற்றி ஒரு கணம் உட்கார்த்திக்கொள்ள வேண்டும். பிடியை மாற்றி, மார்போடு அணைத்து, இடுப்பால் ஒரு உந்து உந்தித் தோளுக்கு உருட்ட வேண்டும். மார்புக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறது. பெரும்பாலான கற்கள் அங்கிருந்துதான் திரும்பக் கீழே விழுகின்றன. உறைபனிக் காலையில், விரல் மரத்திருக்கையில், கல் ஈரமாக இருக்கையில் இது நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாடு எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. ஜிம் இரும்பு நமக்காக இறங்கி வரும். இன்று நாற்பது, அடுத்த மாதம் நாற்பத்திரண்டரை. சின்னத் தட்டு ஒன்றை மாட்டி முன்னேற்றம் என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். கல்லில் அந்தப் பேரமே இல்லை. நமக்கு முன்பும் அதே எடை, நமக்குப் பிறகும் அதே எடை.

இந்த மலை மக்களை அளந்து பார்க்க ஒரு காலத்தில் பெரிய வரிசையே வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலையின் நீள அகலத்தை அளக்கும் கருவிகளோடு கைப்பிடி வலுவை அளக்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் தோடர்களைப் பற்றி ஒரு பெரும் புத்தகமே வெளியிட்டார்; மந்துகளில் கிடக்கும் உருண்டைக் கல்லும், அதைத் தூக்கிப் பார்க்கும் ஆட்டமும் அதில் பதிவாகியிருக்கின்றன. தர்ஸ்டனின் தலைநீளக் கணக்குகளை இன்று யாரும் மதிப்பதில்லை, மதிக்கவும் வேண்டாம். ஆனால் கைப்பிடிக் கருவி மட்டும் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-இல் லான்செட் இதழில் வந்தது. யார் முன்கூட்டியே இறக்கக்கூடும் என்பதை ரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி நன்றாகச் சொன்னது என்பது அதன் முடிவு. அக்காவிடம் இதைச் சொன்னபோது ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க மருமகனைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

தோடர்களிடம் எனக்கு வியப்பாக இருப்பது கல் மட்டும் அல்ல. இவர்கள் படை திரட்டிப் போன மக்கள் இல்லை. எருமை வளர்த்து, பாலும் மோரும் வெண்ணெயுமாக வாழ்ந்தவர்கள். மரபுப்படி இறைச்சி உண்ணாதவர்கள். (புரதப் பொடி டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிற எங்கள் ஜிம் பையன்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நம்ப மறுக்கிறார்கள்.) வில்லும் அம்பும் இவர்களிடம் உண்டு, ஆனால் சடங்குக்கு மட்டும். கருவுற்ற பெண்ணுக்கு ஒரு சிறு வில்லையும் அம்பையும் ஆண் கொடுப்பான். வில் கொடுத்தவன்தான் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் என்று ஊர் ஏற்கும். எய்வதற்கு உதவாத வில், ஒரு உறவை ஊர் முன் நிறுத்துவதற்கு உதவுகிறது. உடல் வலுவுக்கும் இங்கே அப்படி ஒரு இடம் இருந்தது: இறுதிச் சடங்கில் எருமையின் கொம்பைப் பிடித்துத் தொங்கி இளைஞர்கள் அடக்குவதை ரிவர்ஸும் தர்ஸ்டனும் எழுதியிருக்கிறார்கள். அந்த வலுவும் போருக்கானதாக இல்லை. ஊர் கூடும் நாளுக்கானது.

மதிலில் உட்கார்ந்து தொடங்கிய எங்கள் கம்பு விளையாட்டும் எய்யாத வில்தான் என்று தோன்றியது. யாரையும் அடிக்கப் போவதில்லை. தற்காப்பு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே அரை நம்பிக்கைதான், தினமும் பேருந்தில் ஐந்தடிக் கம்போடு யார் போகிறார்கள்? நாங்கள் செய்வது ஒரு சடங்கு. எங்களுக்கு இல்லாதது பண்டிகை. இரும்பைத் தூக்குகிறோம், கண்ணாடி பார்க்கிறது. நோட்டில் எழுதுகிறோம், நோட்டை யாரும் படிப்பதில்லை. முத்தநாட்டுப் பையனுக்கு ஆண்டில் ஒரு நாள் இருக்கிறது. அன்று தூக்கினால் ஊர் பார்த்தது, தூக்காவிட்டாலும் ஊர் பார்த்தது. ஜிம் சந்தா கட்டி வாங்க முடியாத பொருள் அந்தப் பார்வை.

அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்க ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் பொட்டார்க் என்ற இடத்தில் இரட்டைக் கற்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 332 கிலோவுக்கு மேல். 1860-இல் டொனால்ட் டின்னி அவற்றைச் சுமந்து பாலத்தைக் கடந்ததாகப் பெயர், இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வரிசையில் வந்து தூக்கிப் பார்க்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஹூசஃபெல் கல் 186 கிலோ, அதற்கும் யாத்திரை போகிறார்கள். அவை வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்த கற்கள். இது கோயில் முன் கிடக்கும் கல். எல்லோரும் சேர்ந்தால் இரண்டாயிரம் பேர் அளவே உள்ள ஒரு மக்களுடையது. பார்க்க விட்டதே மரியாதை. பெண் என்பதால் பக்கத்தில் விடவில்லை என்று அக்காவுக்கு லேசான மனத்தாங்கல் உண்டு. எனக்கும் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை அவர்கள் வீட்டுப் பெண்கள் பேச வேண்டும், பேசும்போது அவர்கள் குரலில் பேச வேண்டும். கிளம்பும் முன் வீட்டுத் திண்ணையில் பூ வேலை செய்துகொண்டிருந்த இருவரிடம் உட்கார்ந்தோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணியே ஊசி போகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை. ஒரு சால்வை வாங்கினோம். பேரம் பேசவில்லை.

நம் பக்கத்துக் கல் ஒன்றும் செத்துப் போய்விடவில்லை. தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் கோயில் முன்னும் மந்தையிலும் பாதி மண்ணில் புதைந்து கிடக்கும். தூக்கினால் பெண் கொடுப்பார்கள் என்ற பழங்கதையைச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் அப்படி விடவில்லை. பொங்கல்தோறும் போட்டி நடத்துகிறார்கள். 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை கற்கள். தோளுக்கு ஏற்றி முதுகுப்புறம் உருட்டிப் போட வேண்டும். அங்கே பெண்களுக்கும் இடம் உண்டு, உரல் தூக்குகிறார்கள்.

திரும்பும் பேருந்தில் நான் இதைச் சொல்லி முடிக்கும்போது பர்லியார் வந்துவிட்டது. காது அடைத்துத் திறந்தது. அக்கா நெடுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோவையில் வீட்டுக்கு வீடு வெட் கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல்லும் உரலும் எங்கே போயின என்று ஒவ்வொரு சொந்தக்காரர் வீடாக நினைவுபடுத்தத் தொடங்கினார். பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒன்று, துணி துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. தம்பி வீட்டில் செம்பருத்திச் செடிக்குக் கீழே ஒன்று, குழவி தனியாக. சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் கேட்டால் தூக்கிக்கொண்டு போங்கள் என்றே சொல்வார்கள்.

"அந்த உரல் எத்தனை கிலோ இருக்கும்டி?"

"தெரியலக்கா. பொங்கலுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குதுல்ல."

"ரயில் டிக்கெட் எப்பத் தொறப்பாங்க?"

"அறுபது நாளைக்கு முன்னாடிதான்."

"அப்பச் சரி. இந்த ஞாயித்துக்கெழம தம்பி வீட்டுக்குப் போலாம். மொதல்ல குழவி. உரலை அப்புறம் பாத்துக்கலாம்."